சந்தோஷ் பற்றவைத்த டை ராடு

போன வாரத்திலிருந்து போனில் படங்களாக வந்துகொண்டிருக்கின்றன. சிவப்பு, கறுப்பு, கண்ணைப் பறிக்கும் வெள்ளி நிறம் என்று விதவிதமான டை ராடுகள். இப்போது இவை பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரே கேள்வி: "அக்கா, இதுல ஸ்ட்ராங்கு எது?" கேட்பவர்கள் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். எழுதி எழுதி அழித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்னை இப்போது 'ரிட்டையர்டு' என்று கூப்பிடுகிறார்கள். வயது முப்பத்தைந்துதான். வண்டிகளுக்கு அடியில் மண்டியிட்டும் குந்தியும் முழங்கால் தேய்ந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர், இனிமேல் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது காலுக்குப் புரிந்திருக்கிறது, எனக்குப் புரியவில்லை. புனேயில், வாகட்டில் எங்கள் குடியிருப்பின் எட்டாவது மாடி பால்கனியில் நின்றால் ஹிஞ்சேவாடிக்குப் போகிற கம்பெனி கார்கள் நகராமல் நிற்பது தெரியும். எந்தக் காரின் முன்சக்கரம் உள்பக்கம் திரும்பியிருக்கிறது என்று மேலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே போய்ச் சொல்லிவிடலாமா என்று கால் பரபரக்கும். இதைக்கூட சமையலறை மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். அந்த இரண்டையும் கோத்து வைத்திருக்கும் குறுக்குக் கம்பிதான் டை ராடு. தார் ரோட்டில் ஓடும் காரில் அதற்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. மலையிலும் ஓடையிலும் ஏறுகிற பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் அது முன்னால் தாழத் தொங்கும். பாறையில் முதலில் இடிபடுவது அதுதான். இடித்தால் வளையும். வளைந்தால் நீளம் குறையும். சக்கரம் இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவும் அம்மாவும் அரூர் பக்கம் கல் உடைத்தவர்கள். நான் சேலத்தில் மெக்கானிக்கல் படித்தேன். சாக்கனில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்தேன். அங்கே நாள் முழுக்க ஒரே மாதிரி உருளைகளை அளந்து சரி, சரி என்று முத்திரை போட வேண்டும். அளந்தது எந்த வண்டிக்குப் போகிறது, அங்கே என்ன பாடு படுகிறது என்று தெரியாது. அந்த இருப்பு எனக்கு ஒத்துவரவில்லை. வானவடியில் மலை வண்டிகளைப் பலப்படுத்திக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன்.

அதை நடத்தியவர் சேகர் சார். அவருடைய அப்பா ராணுவக் கிடங்கு வேலைக்காக இங்கே வந்தவர். சார் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் புனே. அவருடைய தமிழில் பாதி இந்தி, மீதியில் பாதி மராத்தி. யாரையும் திட்ட மாட்டார். தனக்குப் பிடிக்காத வேலையை யாராவது செய்தால் மூலையில் இருக்கும் துடைப்பத்தை எடுத்து வந்து, அந்த ஆளின் காலைச் சுற்றிப் பெருக்க ஆரம்பிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் செய்வதை நிறுத்தும்வரை பெருக்குவார். சேர்ந்த புதிதில் என் காலைச் சுற்றி அந்த ஒர்க்‌ஷாப்பிலேயே மிகச் சுத்தமான இடம் இருந்தது.

வாடிக்கையாளர் வந்து "எது பெஸ்ட்?" என்றால் சார் பதிலே சொல்ல மாட்டார். வண்டியைச் சுற்றி வந்து எங்கெங்கே சேறு அப்பியிருக்கிறது, எங்கே கல் உரசியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "எங்க மாட்டிக்கிறீங்க?" என்று கேட்பார். நான் அடியில் படுத்து இணைப்பைக் கையால் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புவார். தளர்வு இருந்தால் உள்ளங்கையில் 'டிக்' என்று தட்டும். புதுக் கம்பி மாட்டிய பிறகு இரண்டு டயரிலும் சாக்பீஸால் கோடு கிழித்து, முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டேப் பிடிக்க வேண்டும். அளவு எடுக்கும்போது சார் ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவார்.

வாடிக்கையாளர்கள் ஆரம்பத்தில் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து "மிஸ்த்ரி எங்கே?" என்பார்கள். "நான்தான்" என்பேன். சிலர் சிரிப்பார்கள். எண்ணெய்க் கையோடு போய், அவர்கள் வண்டியில் என்ன தப்பு என்று மூன்று காரணங்களோடு சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடும். அந்தச் சிரிப்பு நிற்கிற இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அங்கே சேர்ந்து கொஞ்ச காலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். டை ராடு அடிக்கடி வளைகிறது என்று வேறு எங்கோ போய் முழு இரும்புக் கம்பி போட்டிருந்தார். உள்ளே ஓட்டை இல்லை, முழுக்க இரும்பு. அது ஒரு மயிரிழைகூட வளையவில்லை. அதற்குப் பதிலாக, கம்பியைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் வார்ப்புக் கை பிஸ்கட் மாதிரி உடைந்திருந்தது. நல்லவேளை, அவர் வயலுக்குள் போய் நின்றார். இடியை யாராவது வாங்கத்தான் வேண்டும். கம்பி வாங்காவிட்டால் பக்கத்தில் இருப்பது வாங்கும். வளைந்த கம்பியோடு பத்து கிலோமீட்டர் ஊர்ந்து வீட்டுக்கு வரலாம். வார்ப்புக் கை உடைந்தால் ஒரு சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். இதை நான் கல்லூரியில் கணக்காகப் படித்திருந்தேன். உடைந்த துண்டைக் கையில் வாங்கியபோது கணக்குக்கு எடை வந்தது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

புனேவுக்கு வெளியே முல்ஷி பக்கத்து மலைகளில் மழைக்காலத்தில் கிராமத்து நோயாளிகளை இறக்கிக் கொண்டுவர ஒரு தன்னார்வக் குழு இருந்தது. ஆம்புலன்ஸ் ஏறாத இடங்களுக்கு நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற அவர்களுடைய பழைய வண்டி ஏறும். குழுவை நடத்தியவர் கேதார் என்கிற கணக்கு வாத்தியார். முந்தின மழையில் மட்டும் பலமுறை டை ராடு வளைந்து, ஒவ்வொரு முறையும் மரத்தில் சங்கிலி போட்டு நிமிர்த்தி ஓட்டியிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் வளையவே வளையாத ஒன்று வேண்டும் என்று வந்து நின்றார்.

சார் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். "செல்வி பாத்துக்கும். அது சொல்றதுதான்."

நான் அந்த வண்டியின் வார்ப்புக் கையை அளந்தேன். அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு, அதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே வளையக்கூடிய, ஆனால் பழைய கம்பியைவிட மிகவும் பலமான குழாயைத் தேர்ந்தெடுத்தேன். ஒட்டுத் தையல் இல்லாத, கனமான சுவர் உள்ள, பதப்படுத்திய எஃகுக் குழாய். கேதார் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, உள்ளே ஓட்டையாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார். பண்ணை வீட்டுக்காரரின் கதையைச் சொன்னேன். அரை மனதோடு தலையாட்டினார். பழைய கம்பியைத் தூக்கி எறிய மனமில்லாமல், அதன் முனைகளோடு அப்படியே வண்டியின் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு போனார்.

மழை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் கேதாரிடமிருந்து படம் வந்தது. மலைமேல் இருக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போயிருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் பாறையில் வழுக்கித் தொடை எலும்பு உடைந்து கிடக்கிறார், இறக்கிக் கொண்டு வரப்போகிறோம் என்று எழுதியிருந்தார். கூடவே, "தாயீ, உங்கள் கம்பியை இன்னும் பலமாக்கிவிட்டோம்!" தாயீ என்றால் மராத்தியில் அக்கா.

படத்தில் என் குழாயின் நடுவில் எல் வடிவ ஆங்கிள் இரும்பு ஒன்று, நெடுக வெல்டு வைத்து ஒட்டப்பட்டிருந்தது. மலை வண்டிக்காரர்களிடம் இது ஒரு பழக்கம். கம்பி வளைந்தால் நிமிர்த்தி, மேலே ஆங்கிளை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். சாதாரண இரும்புக்கு அது ஒரு மாதிரி போகும். இது பதப்படுத்திய எஃகு. பற்றவைத்த சூட்டில், மழைக்காற்றில் சட்டென்று ஆறி, வெல்டின் ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்கு வந்திருக்கலாம். அங்கே ஒரு விரிசல் பிறந்தால் வளையாது, பட்டென்று போகும். அந்த இறக்கத்தில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

நான் உடனே போன் போட்டேன். அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான். கேதார் ஏணியில் ஏறி, தொட்டி மேல் குடையோடு நின்று பேசினார். யார் பற்றவைத்தது என்று கேட்டேன். குழுவில் இருக்கும் சந்தோஷ் என்றார். அந்த ஊர்க்காரன்தான், கீழே சாலையோரம் வெல்டிங் கடை வைத்திருக்கிறான், மலை ஏறும் முன் அங்கேதான் பற்றவைத்தான். அடிபட்டுக் கிடக்கும் பெரியவர் அவனுடைய அப்பா.

படத்தைப் பெரிதாக்கி வெல்டு ஓரத்தை மறுபடி பார்த்தேன். பிறகு சொன்னேன்: "வண்டியை எடுக்காதீங்க. அந்தக் கம்பியைக் கழட்டிட்டு, சீட்டுக்கு அடியில இருக்கற பழசை மாட்டுங்க."

"தாயீ, அந்தப் பழசு பல தடவை வளைஞ்சது. நீங்கதானே வேண்டாம்னீங்க."

"அதுதான் இப்ப வேணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சேகர் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மெதுவா வரட்டும்மா," என்றார். "ஏக்தம் மெதுவா, ரொம்ப மெதுவா. ஆள் வலியில துடிக்கிறான். கழட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும், அதுவும் மழையில."

"மெதுவா வந்தாலும் உடையும் சார்."

"உடையும்னு உனக்குத் தெரியுமா?"

"கழட்டட்டும் சார்," என்றேன். சார் மூலைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தார். என் காலைச் சுற்றிப் பெருக்க ஆரம்பித்தார்.

அத்தனை வருஷத்தில் அந்தத் துடைப்பம் வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன், அல்லது செய்வதை நிறுத்திவிடுவேன். அன்றைக்கு என் கால்களை நகர்த்தவில்லை. துடைப்பம் என் செருப்பில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

தொட்டி மேல் இப்போது வேறு குரல். சந்தோஷ் ஏறி வந்துவிட்டான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தாயீ, என் வெல்டு இதுவரைக்கும் விட்டதில்ல. ட்ராக்டர் கொக்கி, பள்ளிக்கூட கேட்டு, எல்லாம் நான் வச்சதுதான். என் அப்பா படுக்கப்போற வண்டிக்கு நான் மோசமா வைப்பேனா?"

"நீங்க வச்ச விதம் தப்பில்ல. அந்த எஃகு வெல்டுக்கு ஆகாது. அதை நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வச்சிருக்க மாட்டீங்க."

"அவர் கால் கோணிக்கிட்டுக் கெடக்குது. என்னை அரை மணி நேரம் போல்ட்டு கழட்டச் சொல்றீங்க."

"ஆமா."

எனக்கு அவன் முகம் தெரியாது. அதுவரை பார்த்ததே இல்லை. அவன் அப்பாவின் வலியைப் பற்றி முடிவு எடுக்க நான் யார் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. இன்னொரு குரல், நீதான் படித்தவள், நீதான் தேர்ந்தெடுத்தவள், உன்னைத் தவிர வேறு யார் என்றது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசின. ஒர்க்‌ஷாப்புக்குள் நடக்கவும் முடியவில்லை, காலைச் சுற்றித் துடைப்பம்.

"ஸ்பேனர் என்ன சைஸு?" என்று கேட்டான் சந்தோஷ்.

அதற்குப் பிறகு எல்லாம் கேதாரின் தொண்டை வழியாகத்தான் நடந்தது. நான் சொல்வதை அவர் தொட்டி மேலிருந்து கீழே கத்துவார். கீழிருந்து வருவதை எனக்குச் சொல்வார். முனையில் இருக்கும் பின்னை எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்தச் சொன்னேன். கழன்று வராவிட்டால் கம்பியை அடிக்கக் கூடாது, அதைப் பிடித்திருக்கும் வார்ப்புக் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே போடு. இரண்டு கம்பியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, பழசின் முனையைத் திருகி நீளத்தைச் சரிசமம் ஆக்கச் சொன்னேன். சரிசமமா என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டபோது கேதார், "தாயீ, நான் கணக்கு வாத்தியார்," என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சார் எப்போது துடைப்பத்தை வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டிருந்தார். நான் உட்காரவில்லை.

வண்டி கிளம்பியதும் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததை வேலை என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்பேனரை எடுத்து வைத்தேன், அதையே மறுபடி எடுத்தேன். யாருடைய டயரிலோ சாக்பீஸ் கோடு கிழித்தேன்; அந்த வண்டி பிரேக் வேலைக்கு வந்தது.

சாயங்காலம் கேதார் அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டார். வழியில் ஓடை குறுக்கே வந்த இடத்தில் தண்ணீருக்குள் இருந்த கல்லில் முன்பக்கம் மோதியிருக்கிறது. பழைய கம்பி எதிர்பார்த்தபடியே வளைந்துவிட்டது. சக்கரங்கள் இரண்டும் உள்ளே திரும்பிக்கொள்ள, டயர் தேய்ந்து கதற, நடந்துபோகிற வேகத்தில் மீதி வழியை ஓட்டி முடித்திருக்கிறார்கள். பெரியவரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் சாரிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். நான் தேவையில்லாமல் கோடு கிழித்த டயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து சந்தோஷ் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். கோணிச் சாக்கில் சுற்றிய கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார் என்றான். என்னைவிடச் சின்னவன், புருவத்தில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு. அப்பாவுக்கு எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள் என்றும், ஊரில் வண்டியை நிறுத்தி வைத்த அந்த நேரத்துக்காக அப்பா இன்னும் தன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்றும் சொன்னான். "யாரு அந்தப் பொம்பளை, கூட்டிட்டு வா, அவ காலை ஒடிச்சுட்டு மழையில படுக்க வைக்கறேன்னு சொன்னாரு," என்றான். சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான்.

பிறகு கம்பியை மேசைமேல் வைத்தான். "இதை உங்க பிரஸ்ல வச்சுப் பாக்கணும். உடையுதா இல்லையான்னு."

எனக்கும் அதேதான் வேண்டும். அத்தனை நாளும் தூக்கத்தில்கூட அந்த வெல்டு ஓரம்தான் தெரிந்தது. சார்தான் தயங்கினார். எதற்கு, ஆள் வந்து சேர்ந்தாச்சு, விடு என்றார். விட முடியவில்லை.

கம்பியை இரண்டு கட்டைகள்மேல் வைத்து, நடுவில், இரும்பை அழுத்தி வளைக்கும் பிரஸ்ஸை இறக்கினேன். கைப்பிடியை நானே அடித்தேன். அழுத்தத்தைக் காட்டும் முள் ஏறியது. பழைய கம்பி வளையும் அளவைத் தாண்டியது. பாறை இடி எவ்வளவு இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேனோ அதையும் தாண்டியது. ஆங்கிள் முடிகிற இடத்தில் குழாய் மெல்ல, மிக மெல்ல வளைய ஆரம்பித்தது. பட்டென்ற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம்.

சத்தம் வரவில்லை. நான் கைப்பிடியை விட்டுவிட்டு, பூதக்கண்ணாடி வைத்து வெல்டு ஓரத்தைப் பார்த்தேன். விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"உடையல," என்றான் சந்தோஷ்.

"ஆமா. உடையல."

"அப்ப இதோடயே வந்திருக்கலாம்."

பிரஸ் ஒரே ஒரு முறை, மெதுவாக அழுத்துகிறது. மலை அப்படி அழுத்தாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓயாமல் அடிக்கும். இதை அவனிடம் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டான். வேலை தெரிந்தவன், அதனால் புரிந்தது.

"இன்னும் பல தடவை அடிச்சா உடைஞ்சிருக்குமா?"

"உடைஞ்சிருக்கலாம். உடையாமயும் இருந்திருக்கலாம். தெரியாது."

"தெரியாமயா எங்கப்பாவை மழையில படுக்க வச்சீங்க?"

இந்த முறை துடைப்பம் வரவில்லை.

"தெரியாததுனாலதான்," என்றேன். "உங்க வெல்டு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. அந்தப் பழைய கம்பி என்ன பண்ணும்னு தெரியும். அது வளையும். வளைஞ்சா நீங்க மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடுவீங்க. எங்கப்பா அந்த வண்டியில இருந்தாலும் அதைத்தான் மாட்டச் சொல்லியிருப்பேன்."

அவன் வளைந்த கம்பியைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். பிறகு, முன்பு போட்டதே போல இன்னொரு குழாய் வேண்டும், கேதார் சொல்லி அனுப்பினார் என்றான். நான் எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கி, விரலால் நெடுகத் தடவிப் பார்த்தான். மேசையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, குழாயின் மேல் மராத்தியில் பெரிதாக எழுதினான்: 'வெல்டு வைக்காதே.'

"சாக்பீஸ் மழையில அழிஞ்சுடும்," என்றேன்.

"எனக்குத்தான் எழுதினேன்," என்றான். சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.